அரைப்புள்ளியை நாடாதவர்: பென்ட் லார்சனின் ஆட்ட வாழ்க்கை

முன்னுரை

ஒரு மனிதரின் அரை நூற்றாண்டு உழைப்பை வரலாறு சில வேளைகளில் ஒற்றை எண்ணாகச் சுருக்கிவிடுகிறது. டென்மார்க்கு நாட்டின் சதுரங்க வல்லுநர் பென்ட் லார்சனுக்கு அவ்வாறு வாய்த்த எண் 6–0. 1971ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், அமெரிக்காவின் டென்வர் நகரில் பாபி ஃபிஷரை எதிர்த்து ஆடிய லார்சன், ஆறு ஆட்டங்களிலும் தோற்றார். ஓர் ஆட்டத்தையேனும் அவரால் சமன் செய்ய இயலவில்லை. மறு ஆண்டு ஃபிஷர் உலக வாகையர் ஆனார். அவரது ஏற்றத்தைக் கூறும் நூல்களில் லார்சன் பெரும்பாலும் இரண்டு வரிகளில் வந்து மறைகிறார். வீரன் ஏறிச் சென்ற படிகளுள் ஒன்று என்ற அளவிலேயே அவர் பெயர் நிற்கிறது.

அதே லார்சனைப் பற்றிய வேறு சில செய்திகளும் உண்டு. நேருக்கு நேர் ஆடும் போட்டியில் சோவியத் கிராண்ட் மாஸ்டர் ஒருவரை வென்ற முதல் வெளிநாட்டவர் அவர். உலகச் சதுரங்க எழுத்தாளர்கள் வாக்களித்து வழங்கிய 'செஸ் ஆஸ்கர்' விருதினை முதன்முதலாகப் பெற்றவரும் அவரே. 1970இல் உலக அணிக்காக ஃபிஷரை இரண்டாம் பலகைக்கு அனுப்பிவிட்டு முதற்பலகையில் அமர்ந்தவரும் அவரே. இச்செய்திகளையும் டென்வரையும் எவ்வாறு பொருத்திக் காண்பது? வெற்றிகள் லார்சனின் இயல்பு, டென்வர் ஒரு விபத்து என்று அவர்பால் அன்புடையோர் கூறுவர். டென்வரே உண்மை, முன்னைய வெற்றிகள் மிகை மதிப்பீடு என்று பிறர் கூறுவர். இரண்டும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

இலக்கிய வட்டத்தின் மலரில் சதுரங்கக்காரர் ஒருவருக்கு என்ன இடம் என்று வினவுதல் இயல்பே. சதுரங்க ஆட்டம் முடிந்தவுடன் மறைந்துவிடுவதன்று. ஒவ்வொரு நகர்வும் குறியீட்டில் எழுதப்படுகிறது. அதனைப் படிக்கத் தெரிந்த எவரும், எந்நாட்டிலும், எத்தனை ஆண்டுகள் கழிந்தும், அவ்வாட்டத்தை மீண்டும் ஆடிப் பார்க்கலாம். ஏட்டில் எழுதிய செய்யுள் போல் அது தன் வாசகனுக்காகக் காத்திருக்கிறது. ஆகவே சதுரங்க வல்லுநர் ஒருவர் இரண்டு வகையில் எஞ்சுகிறார்: ஒன்று முடிவு காட்டும் எண், மற்றொன்று ஆட்டம் என்னும் பனுவல். எண்ணைக் கொண்டு தீர்ப்பளிப்பதா, பனுவலைப் படித்துத் தீர்ப்பளிப்பதா என்னும் வினா, பரிசுப் பட்டியல்களையும் பதிப்பு எண்ணிக்கைகளையும் கண்டு பழகிய கவிஞர்களுக்கும் உரியதே.

பிறப்பும் பின்புலமும்

பென்ட் லார்சன் 1935ஆம் ஆண்டு மார்ச் 4ஆம் நாள், டென்மார்க்கின் ஜட்லாந்து தீபகற்பத்தின் வடமேற்கில், திஸ்டெட் நகருக்கு அருகிலுள்ள தில்ஸ்டெட் என்னும் சிற்றூரில் பிறந்தார். பள்ளிக் கல்வி ஹோல்ஸ்டெப்ரோ நகரில் அமைந்தது. 1942ஆம் ஆண்டின் தொடக்கத்தில் குழந்தைப் பருவ நோய்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தாக்கின. அக்காலத்தில்தான் சதுரங்கம் அவருக்கு அறிமுகமாயிற்று. டென்மார்க்கு அப்போது செருமானியப் படைகளின் பிடியில் இருந்தது.

லார்சன் பிறந்த பன்னிரண்டாம் நாள், அதாவது 1935 மார்ச் 16 அன்று, கோபன்ஹேகனில் ஆரோன் நிம்சோவிச் காலமானார். ரீகா நகரில் பிறந்து, 1922 முதல் கோபன்ஹேகனில் வாழ்ந்த நிம்சோவிச், சதுரங்கச் சிந்தனையை மாற்றியமைத்த பெருமக்களுள் ஒருவர். 'என் முறை' என்னும் பொருள்படும் தலைப்புடைய அவரது நூல் 1925 அளவில் வெளிவந்து, பல மொழிகளில் பயிலப்பட்டது. பலகையின் நடுப்பகுதியைச் சிப்பாய்களால் நிரப்பினால்தான் ஆதிக்கம் கிட்டும் என்பது பழைய கொள்கை. தொலைவிலிருந்து காய்களின் பார்வையாலேயே நடுவத்தை ஆளலாம் என்பது நிம்சோவிச்சின் துணிபு. அவரை நேரில் காணும் வாய்ப்பு லார்சனுக்கு இல்லை. ஆயினும் அவர் கருத்துகளின் வழித்தோன்றலாக லார்சன் வளர்ந்தார். அரசியின் பக்கமுள்ள குதிரைக்கு முன்னிருக்கும் சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தித் தொடங்கும் முறை இன்று இருவர் பெயராலும் 'நிம்சோவிச்–லார்சன் தாக்குதல்' என வழங்குகிறது. கண்டிராத ஆசிரியரும் அவரைக் காணாத மாணவரும் ஒரு தொடரில் இணைந்து நிற்பது மொழி செய்த நன்மை எனலாம்.

பதினேழாம் வயதில் லார்சன் கோபன்ஹேகன் சென்று கட்டடப் பொறியியல் பயிலத் தொடங்கினார். அப்படிப்பு நிறைவு பெறவில்லை, சதுரங்கமே வாழ்வாயிற்று. இம்முடிவின் கடுமையை உணர, அன்றைய சூழலை நினைவிற் கொள்ள வேண்டும். சோவியத் ஒன்றியத்தில் சதுரங்கம் அரசு பேணிய கலை. சிறுவர் மன்றங்கள், பயிற்றுநர், மாத ஊதியம், ஆய்வுக்கு உடன் உழைக்கும் குழு ஆகிய அனைத்தும் அங்கு வல்லுநருக்குக் கிட்டின. டென்மார்க்கோ 1950களில் ஏறத்தாழ 45 இலட்சம் மக்களைக் கொண்ட சிறு நாடு. அங்கு சதுரங்கத்தால் உயிர் வாழ விரும்புவோன் பரிசுப் பணத்தையும் தன் எழுத்தையும் நம்ப வேண்டியிருந்தது. லார்சன் அவ்விரண்டையும் நம்பினார். செய்தித்தாள்களுக்கு எழுதியும் போட்டிகளில் ஆடியும் வாழ்ந்தார். ஒரு பேரரசின் அமைப்பை எதிர்த்துத் தனியொருவர் ஆடிய ஆட்டம் என்ற நிலையிலேயே அவரது தொழில் வாழ்க்கையை நோக்குதல் வேண்டும்.

மாஸ்கோவில் மலர்ச்சி

1954இல் டென்மார்க்கு வாகையராகவும் சர்வதேச மாஸ்டராகவும் உயர்ந்த லார்சன், பின்னர் மேலும் ஐந்து முறை நாட்டின் வாகையர் பட்டம் பெற்றார். உலகம் அவரைக் கவனித்தது 1956இல். அவ்வாண்டு சதுரங்க ஒலிம்பியாடு மாஸ்கோவில் நடைபெற்றது. இருபத்தோரு வயது லார்சன் தம் நாட்டின் முதற்பலகையில் ஆடினார். முதற்பலகை என்பது ஒவ்வொரு நாட்டின் தலைசிறந்தவரும் அமரும் இடம். சோவியத் ஒன்றியத்தின் சார்பில் அங்கிருந்தவர் அன்றைய உலக வாகையர் பொத்வின்னிக். லார்சன் 18 ஆட்டங்கள் ஆடினார்: 11 வெற்றி, 6 சமன், 1 தோல்வி. பொத்வின்னிக்குடன் ஆடிய ஆட்டம் சமனில் முடிந்தது. முதற்பலகைக்குரிய தங்கப் பதக்கமும் கிராண்ட் மாஸ்டர் பட்டமும் அவருக்கு வந்தன.

இரண்டே ஆண்டுகளில் சறுக்கல் நேர்ந்தது. 1958இல் யூகோசுலாவியாவின் போர்த்தொரோஸ் நகரில் நடந்த மண்டலங்களிடைப் போட்டியில் லார்சன் பட்டியலின் பிற்பகுதியில் நின்றார். அதே போட்டியில் பதினைந்து வயது ஃபிஷர் தேர்ச்சி பெற்று அடுத்த கட்டத்திற்குச் சென்றார். மண்டலங்களிடைப் போட்டி என்பது உலக வாகையருக்குச் சவால் விடுபவரைத் தெரிவு செய்யும் நெடும்பாதையின் வாயில். அவ்வாயிலை லார்சன் கடக்க மேலும் ஆறு ஆண்டுகள் சென்றன. ஏறுவதும் வீழ்வதும் மீண்டும் ஏறுவதுமாகிய இப்பாங்கு, தொடக்கத்திலேயே அமைந்துவிட்டது.

சமன் என்னும் புகலிடம்

லார்சனின் ஆட்டக் கொள்கையை விளங்கிக்கொள்ள, சதுரங்கக் கணக்கின் எளிய விதி ஒன்றை அறிதல் வேண்டும். வெற்றிக்கு ஒரு புள்ளி. தோல்விக்குப் புள்ளி இல்லை. சமனில் முடிந்தால் இருவருக்கும் அரைப்புள்ளி. வல்லவர் இருவர் மோதும்போது, ஆட்டம் சூடேறும் முன்னரே ஒருவர் சமன் கோர, மற்றவர் இசைவதுண்டு. களைப்பு நீங்கும், இடர் நீங்கும், அரைப்புள்ளி கைக்கு வரும்.

இவ்வசதி ஓர் உத்தியாகவே வளர்ந்தது. 1962இல் கரீபியக் கடலின் குராசோ தீவில் நடந்த சவாலர் தேர்வுப் போட்டியில் பெத்ரோசியான், கெரெஸ், கெல்லர் ஆகிய மூன்று சோவியத் வல்லுநர்களும் தமக்குள் ஆடிய 12 ஆட்டங்களையும் சமனாகவே முடித்துக்கொண்டனர். பிறர் ஒவ்வொரு நாளும் போராடிக்கொண்டிருக்க, இம்மூவரும் வலிமையைச் சேமித்தனர். ஃபிஷர் இதனை வெளிப்படையாகக் கண்டித்து எழுதினார். அதன் விளைவாக, பலர் கூடி ஆடும் அத்தேர்வுமுறை கைவிடப்பட்டு, 1965 முதல் இருவர் நேர் மோதும் போட்டிகள் நடைமுறைக்கு வந்தன.

அந்தக் காலத்தில் லார்சன் அரைப்புள்ளியை அரிதாகவே நாடினார். கறுப்புக் காய்களுடன் ஆடும்போதும், எதிரி உலக வாகையராகவே இருந்தபோதும், வெல்லும் வழி உண்டா என்பதே அவர் கேட்ட முதல் வினா. பிறர் பன்னிரண்டு, பதினைந்து நகர்வுகள் வரை மனப்பாடமாக ஆடிய புகழ்பெற்ற தொடக்கங்களை விட்டு விலகினார். நூல்கள் கைவிட்ட 'பிஷப் தொடக்கம்', 'பேர்டு தொடக்கம்' போன்ற பழைய முறைகளுக்கு உயிரூட்டினார். வழக்கொழிந்த யாப்பொன்றை எடுத்துப் புதுப்பொருள் பாடும் கவிஞரின் செயல் இதனோடு ஒக்கும். பழையது என்பதற்காக அவர் அதனை எடுக்கவில்லை. இருவரும் நூலை மறந்து சொந்த மதியால் சிந்திக்க வேண்டிய நிலையை அது உண்டாக்கியது என்பதற்காகவே எடுத்தார். பலகையின் ஓரச் சிப்பாய்களை முன்னேற்றித் தாக்குவதில் அவருக்கிருந்த நாட்டமும் பெயர் பெற்றது.

இக்கொள்கைக்கு ஒரு கணக்கு உண்டு. இரண்டு ஆட்டங்களில் ஒன்றை வென்று ஒன்றில் தோற்பவரும், இரண்டையும் சமன் செய்பவரும் ஈட்டுவது ஒரே புள்ளிதான். எனவே தமக்கு நிகரானவரிடம் துணிந்து ஆடுவதால் நட்டமும் இல்லை, ஆதாயமும் இல்லை. தம்மினும் சற்றே மெலிந்தோரிடம் துணிந்து ஆடினால் ஆதாயம் பெருகும். தம்மினும் வலியவரிடம் அவ்வாறே ஆடினால் இழப்புப் பெருகும். இருபதுபேர் கலந்துகொள்ளும் பெரும் போட்டிகளில் லார்சன் தொடர்ந்து முதலிடம் பெற்றதற்கும், நேர்ப்போட்டியில் உச்சநிலை எதிரியிடம் வீழ்ந்ததற்கும் இக்கணக்கே விளக்கமாகிறது. இதனை மனத்திற் கொண்டு மேற்செல்வோம்.

ஏற்றத்தின் ஆண்டுகள்: 1964–1970

1964இல் ஆம்ஸ்டர்டாமில் நடந்த மண்டலங்களிடைப் போட்டியில் லார்சன் 23 ஆட்டங்களில் 17 புள்ளிகள் பெற்று, ஸ்மிஸ்லாவ், ஸ்பாஸ்கி, தால் ஆகியோருடன் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார். உடன் நின்ற மூவருள் இருவர் முன்னாள் உலக வாகையர். ஒருவர் பின்னாள் உலக வாகையர். 1965இல் சவாலர் போட்டிகள் தொடங்கின. யூகோசுலாவியாவின் இவ்கோவை 5½–2½ எனக் கணக்கிட்டு வென்றார். அரையிறுதியில் தாலுடன் ஒன்பது ஆட்டங்கள் வரை சரிநிகராகப் போராடினார். பத்தாம் ஆட்டத்தில் தால் தம் குதிரையைப் பலியிட்டுத் தாக்கி வென்றார். 1966இல் கோபன்ஹேகனில் மூன்றாம் இடத்திற்காகக் கெல்லரை 5–4 என வென்றபோது, சோவியத் கிராண்ட் மாஸ்டர் ஒருவர் நேர்ப்போட்டியில் வெளிநாட்டவரிடம் முதன்முறையாகத் தோற்றார்.

அதே ஆண்டின் கோடையில் கலிபோர்னியாவின் சாந்தா மோனிக்காவில் பியாதிகோர்ஸ்கி கோப்பைப் போட்டி நடந்தது. உலக வாகையர் பெத்ரோசியானும் ஆடினார். தற்காப்பில் அவருக்கு நிகர் இல்லை என்பது அக்காலத்தார் ஒப்பிய உண்மை. அவரை லார்சன் இருமுறை வென்றார். அவற்றுள் வெள்ளைக் காய்களுடன் ஆடிய ஆட்டம் சதுரங்கத் தொகுப்பு நூல்களில் நிலையான இடம் பெற்றது. இருபத்தைந்தாம் நகர்வில் லார்சன் தம் அரசியைக் கொண்டு எதிரி அரசனின் முன்நின்ற ஒரு சிப்பாயை வெட்டினார். பலகையில் மிகு வலிமை வாய்ந்த காய் ஒரு சிப்பாயின் விலைக்குப் போயிற்று. அடுத்த சில நகர்வுகளில் அதன் பொருள் விளங்கியது. ஒளிந்து நின்ற கறுப்பு அரசனைச் சுற்றி வெள்ளைக் கோட்டைகளும் அமைச்சரும் வலை பின்னின. முப்பதாம் நகர்வில் பெத்ரோசியான் தோல்வியை ஒப்புக்கொண்டார். ஸ்பாஸ்கி, ஃபிஷர் ஆகியோருக்கு அடுத்த மூன்றாம் இடம் லார்சனுக்குக் கிடைத்தது. இன்று அப்போட்டியின் பட்டியலை நினைவுகூர்வோர் குறைவு. அந்த அரசிப் பலியை அறியாத சதுரங்க மாணவர் அதனினும் குறைவு.

1967 அவரது பொன்னாண்டு. ஹவானாவில் முதலிடம், வினிபெக்கில் டார்காவுடன் பகிர்ந்த முதலிடம், துனீசியாவின் சூசு நகரில் நடந்த மண்டலங்களிடைப் போட்டியில் முதலிடம், பால்மா தெ மயோர்க்காவில் முதலிடம். அவ்வாண்டுதான் செஸ் ஆஸ்கர் விருது தோன்றியது. முதல் விருது லார்சனுக்குச் சென்றது. பின்னாளில் அதே விருதினைச் சென்னையின் விசுவநாதன் ஆனந்த் ஆறு முறை பெற்றார் என்பது நமக்கு உவகையூட்டும் தொடர்ச்சியாகும். 1968இல் மொனாக்கோவில் பொத்வின்னிக்கைப் பின்தள்ளி லார்சன் முதலிடம் பெற்றார். அவ்வாண்டுச் சவாலர் போட்டியில் ஹங்கேரியின் போர்ட்டிஷை வென்று, அரையிறுதியில் ஸ்பாஸ்கியிடம் 2½–5½ எனத் தோற்றார். மறு ஆண்டு ஸ்பாஸ்கி உலக வாகையர் ஆனார். அதே ஆண்டு மூன்றாம் இடத்திற்கான போட்டியில் லார்சன் தாலை 5½–2½ என வென்றார்.

1970இல் பெல்கிரேடில் சோவியத் ஒன்றியத்துக்கும் உலக அணிக்கும் இடையே பத்துப் பலகைகளில் போட்டி நடந்தது. அண்மைக்காலப் போட்டிகளில் தாம் பெற்ற வெற்றிகளைச் சுட்டி, முதற்பலகை தமக்கே உரியது என்று லார்சன் கூறினார். ஃபிஷர் இசைந்து இரண்டாம் பலகையில் அமர்ந்தது உலகையே வியக்க வைத்தது. முதற்பலகையில் லார்சனுக்கு எதிரே இருந்தவர் உலக வாகையர் ஸ்பாஸ்கி. முதல் ஆட்டம் சமன். இரண்டாம் ஆட்டத்தில் லார்சன் தம் பெயர் தாங்கிய தொடக்கத்தையே ஆடினார். தம் அரசனின் பாதுகாப்பைப் பொருட்படுத்தாமல் காலம் கடத்தினார். ஸ்பாஸ்கி தம் கோட்டையைப் பலியிட்டுப் பதினேழே நகர்வுகளில் ஆட்டத்தை முடித்தார். உலகமே பார்த்திருந்த அரங்கில் நேர்ந்த இத்தகைய தோல்விக்குப்பின், அடுத்த ஆட்டத்தில் அரைப்புள்ளியைத் தேடுவதே மனித இயல்பு. லார்சன் மூன்றாம் ஆட்டத்தில் ஸ்பாஸ்கியை வென்றார். நான்காம் ஆட்டத்தில் ஸ்பாஸ்கிக்கு மாற்றாக வந்த ஸ்டெய்னையும் வென்றார். நான்கில் 2½ புள்ளி. சோவியத் அணி 20½–19½ என்ற மிகக் குறுகிய வேறுபாட்டில் போட்டியை வென்றது.

அவ்வாண்டின் இறுதியில் பால்மாவில் நடந்த மண்டலங்களிடைப் போட்டியில் ஃபிஷர் 3½ புள்ளி முன்னிலையுடன் முதலிடம் பெற்றார். அவர் அங்கு ஒரே ஓர் ஆட்டத்தில் தோற்றார். அவரைத் தோற்கடித்தவர் லார்சன். அதுவும் கறுப்புக் காய்களுடன்.

டென்வர்

இவ்வாறு 1971இல் இருவரும் சந்தித்தபோது, அது நிகரற்ற ஒருவருக்கும் எளிய ஒருவருக்கும் இடையேயான மோதலாக எவருக்கும் தோன்றவில்லை. காலிறுதியில் கிழக்கு செருமனியின் உல்மானை 5½–3½ என வென்று லார்சன் வந்தார். ஃபிஷர் வான்கூவரில் சோவியத்தின் தைமானோவை 6–0 என வென்று வந்தார். அந்நிலையில் ஆறும் தோற்பது கேட்டிராத செயல். எனவே சோவியத் அதிகாரிகள் தைமானோவின் தோல்வியை ஐயத்துடன் நோக்கினர். பியானோக் கலைஞருமான அவர் நாடு திரும்பியபோது, பெட்டியில் சோல்செனித்சினின் நூல் ஒன்று இருந்தது காரணமாகக் காட்டப்பட்டு, ஊதியமும் வெளிநாட்டுப் பயண உரிமையும் பறிக்கப்பட்டன.

டென்வரில் அவ்வாண்டு வெயில் கடுமையாக இருந்தது. வெப்பத்தையும் உடல்நலிவையும் லார்சன் பின்னாளில் காரணமாகக் கூறினார். அவற்றில் உண்மை இருக்கலாம். ஆனால் அவை முழு விளக்கம் ஆகா. அப்போட்டி பத்து ஆட்டங்களுக்குத் திட்டமிடப்பட்டது. 5½ புள்ளியை முதலில் எட்டுபவர் வென்றவர். ஐந்து ஆட்டங்கள் முடிந்தபோது ஃபிஷர் 5, லார்சன் 0. ஆறாம் ஆட்டத்தில் லார்சனுக்கு வெள்ளைக் காய்கள்.

இந்த இடத்தில் சற்று நின்று சிந்திப்போம். ஆறாம் ஆட்டத்தைச் சமன் செய்திருந்தால் ஃபிஷருக்கு வேண்டிய அரைப்புள்ளி கிட்டி, போட்டி அத்துடன் முடிந்திருக்கும். லார்சன் தோற்றிருப்பார், ஆனால் கணக்கு 5½–½ என்றாகியிருக்கும். அந்த அரைப்புள்ளி இருந்திருந்தால் 6–0 என்னும் எண் அவர் பெயரோடு ஒட்டியிராது. முகத்தைக் காத்துக்கொள்ளும் வழி அதுவே. அதற்கு வெள்ளைக் காய்களும் துணையாக இருந்தன. போட்டியில் நீடிக்க வேண்டுமாயின் வெற்றி ஒன்றே வழி. லார்சன் தொடங்கிய நகர்வு, அரசனின் பக்கமுள்ள அமைச்சரின் முன்சிப்பாயை இரண்டு கட்டம் செலுத்தும் 'பேர்டு தொடக்கம்'. சமன் தேடுவோர் எடுக்கும் வழி அதுவன்று. அவர் வெல்ல ஆடினார்; தோற்றார்.

சாந்தா மோனிக்காவில் அரசியைப் பலியிட்ட கையும், பெல்கிரேடில் பதினேழு நகர்வில் வீழ்ந்து அடுத்த ஆட்டத்தில் எழுந்த மனமும், டென்வரில் ஐந்து தோல்விக்குப்பின் பேர்டு தொடக்கத்தை ஆடிய துணிவும் வெவ்வேறானவை அல்ல. முதலிரண்டைப் போற்றி மூன்றாவதை மறைப்பது நேர்மையாகாது. மூன்றாவதை மட்டும் எடுத்து முதலிரண்டை இகழ்வதும் நேர்மையாகாது. துணிவு பயன் தந்த இடத்தில் அதற்குத் துணிவு என்று பெயரிடுகிறோம். பயன் தராத இடத்தில் பிடிவாதம் என்கிறோம். பெயர்கள்தாம் இரண்டு.

இதனால் அவரைக் குறையற்றவராகக் காட்டுவது நோக்கமன்று. தம் நிலையை உள்ளதைவிடச் சிறந்ததாக மதிப்பிடும் நன்னம்பிக்கை லார்சனிடம் மிகுதி. அதுவே பல ஆட்டங்களில் அவரைக் கெடுத்தது. எதிரியின் வலிமை உயர உயர அதன் விலையும் உயர்ந்தது. 1965, 1968, 1971 என மும்முறை அரையிறுதி வரை வந்து, மும்முறையும் அவ்வாயிலில் நின்றுவிட்டார். டென்வரில் அவர் ஆடிய எதிரி அன்று தம் ஆற்றலின் உச்சியில் இருந்தார். அடுத்துப் பெத்ரோசியானையும் 6½–2½ என வென்றார். மேற்சொன்ன கணக்கின்படி, தம்மினும் வலியவரிடம் அரைப்புள்ளி நாடாது ஆடியவர் பெற்ற விளைவே 6–0.

ஒன்றை மட்டும் சேர்த்துரைக்கலாம். லார்சனும் அதே எண்ணில் தோற்றபின், தைமானோவின் தோல்வி கள்ளத்தனத்தால் விளைந்ததன்று என்பது எவருக்கும் விளங்கியது. சிறு நாட்டுக்காரர் ஒருவரின் வீழ்ச்சி, பெருநாட்டுக் கலைஞர் ஒருவரின் நேர்மைக்குச் சான்றாக நின்றது.

டென்வருக்குப் பின்

அத்தோல்விக்குப்பின் லார்சன் ஒடுங்கிவிட்டார் என்னும் எண்ணம் பரவலாக உண்டு. பதிவுகள் அதற்கு மாறாகப் பேசுகின்றன. 1972இல் இங்கிலாந்தின் டீசைடு போட்டியில் முதலிடம். அவ்வாண்டின் இறுதியில் தொடங்கிய ஹேஸ்டிங்ஸ் போட்டியில் முதலிடம். 1976இல் சுவிட்சர்லாந்தின் பியேல் நகரில் மண்டலங்களிடைப் போட்டியில் முதலிடம் பெற்று நான்காம் முறையாகச் சவாலர் சுற்றுக்குள் நுழைந்தார். 1977இல் போர்ட்டிஷிடம் தோற்றார்.

1979ஆம் ஆண்டு அவரது இயல்பு முழுவதையும் ஓராண்டுக்குள் காட்டுகிறது. மொன்றியலில் உலகின் தலைசிறந்த பதின்மர் இருமுறைச் சுற்றாக ஆடினர். லார்சன் 18 ஆட்டங்களில் 5½ புள்ளி பெற்றுக் கடைசி இடத்தில் நின்றார். ஆனால் அப்போட்டியில் உலக வாகையர் கார்ப்போவ் ஒரே ஓர் ஆட்டத்தில்தான் தோற்றார். கறுப்புக் காய்களுடன், பலராலும் ஒதுக்கப்பட்ட ஸ்காண்டிநேவியத் தற்காப்பினை ஆடி அவரை வென்றவர் கடைசி இடத்து லார்சனே. அதே ஆண்டு புவெனஸ் அயர்சில் நடந்த கிளாரின் போட்டியில் 13 ஆட்டங்களில் 11 புள்ளி பெற்று, அடுத்தவரைவிட 3 புள்ளி முன்னிலையில் முதலிடம் கொண்டார். கடைசியும் முதலும் ஓராண்டில் ஒருவருக்கே அமைந்தன. சராசரியை நாடாதவரின் வாழ்க்கை வரைபடம் இவ்வாறே அமையும்.

1980களில் அவர் அர்ஜென்டீனாவில் குடியமர்ந்தார். 1988இல் கலிபோர்னியாவின் லாங் பீச்சில் 'டீப் தாட்' என்னும் கணிப்பொறியிடம் தோற்று, போட்டி ஆட்டத்தில் இயந்திரத்திடம் தோற்ற முதல் கிராண்ட் மாஸ்டர் என்னும் பெயரும் பெற்றார். இங்கும் ஓர் எண்ணாகவே வரலாறு அவரைக் குறித்துக்கொண்டது. ஆயின் 2017க்குப்பின் தாமே கற்றுத் தேர்ந்த புதிய நிரல்கள் வெளிவந்தபோது, ஓரச் சிப்பாயை அவை மீண்டும் மீண்டும் முன்னேற்றியதைக் கண்டு வல்லுநர்கள் வியந்தனர். அது லார்சன் அரை நூற்றாண்டுக்கு முன்பே விரும்பி ஆடிய முறை.

எழுத்தாளராகவும் அவர் நினைவிற் கொள்ளத்தக்கவர். 1948 முதல் 1969 வரை தாம் ஆடியவற்றுள் 50 ஆட்டங்களைத் தெரிந்து, தாமே உரை எழுதித் தொகுத்த நூல் பல நாட்டு மாணவர்களும் பயின்ற நூலாயிற்று. டென்மார்க்கில் அவருக்குப்பின் வலுவான சதுரங்க மரபு வேரூன்றியது. அம்மரபில் வந்த பீட்டர் ஹைனா நீல்சன், 2008, 2010, 2012 ஆகிய ஆண்டுகளின் உலக வாகைப் போட்டிகளில் ஆனந்தின் துணைக்குழுவில் உழைத்தார். ஜட்லாந்தின் சிற்றூரில் ஊன்றிய வித்தின் நிழல் சென்னை வரை நீண்டது எனலாம்.

2010ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள், எழுபத்தைந்தாம் வயதில், புவெனஸ் அயர்சில் லார்சன் மறைந்தார்.

முடிவுரை

உலக வாகையர் பட்டியலில் பென்ட் லார்சனின் பெயர் இல்லை. அப்பட்டியலில் இடம்பெற்ற பொத்வின்னிக், பெத்ரோசியான், தால், ஸ்பாஸ்கி, ஃபிஷர், கார்ப்போவ் ஆகியோர் ஒருமுறையேனும் அவரிடம் தோற்றனர். எனினும் எண்ணளவில் நோக்குவோருக்கு அவர் டென்வரில் ஆறும் தோற்றவரே. எண் பொய் சொல்லவில்லை. ஆனால் அது பேசும் மொழியில் சொற்கள் மிகக் குறைவு.

ஆட்டங்கள் எஞ்சியுள்ளன. சாந்தா மோனிக்காவின் முப்பது நகர்வுகளை இன்றும் ஒரு சிறுமி பலகையில் வைத்து ஆடிப் பார்க்கலாம். இருபத்தைந்தாம் நகர்வில் அவள் கை ஒரு கணம் தயங்கும். அவள் விரும்பினால் டென்வரின் ஆறாம் ஆட்டத்தையும் ஆடிப் பார்க்கலாம். ஐந்து தோல்விகளுக்குப்பின் ஒருவர் அரைப்புள்ளிக்கு ஆசைப்படாமல் எடுத்து வைத்த முதல் நகர்வு அங்கே உள்ளது. இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்போர்க்கு, அவை ஒரே கையெழுத்து என்பது தானே விளங்கும்.